மேற்பல்லும் கீழிதழும்

“குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்த அமைப்பு உண்டா?”

மதுரையில் ஒரு பல்சீரமைப்பு மருத்துவர், என் மகளின் ஊடுகதிர்ப் படத்தைக் கணினித் திரையில் பார்த்தபடி இவ்வாறு கேட்டார். மகளுக்கு அப்போது வயது 18. அவள் சற்றும் தயங்காமல், “இல்லை டாக்டர், எனக்கு மட்டும்தான்” என்றாள். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை.

அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரிந்தும் சொல்லாதவன் நான்.

மருத்துவ அம்மையார் பொறுமையாக விளக்கினார். மேல்தாடை எலும்பு போதிய அளவு முன்நோக்கி வளரவில்லை. அதனால் கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னே வந்து நிற்கின்றன. கம்பி கட்டிப் பற்களை நகர்த்தலாமே தவிர, இந்த வயதில் எலும்பை அவ்வாறு நகர்த்த இயலாது. வளர்ச்சி முற்றிலும் நின்றுவிட்டது என்று உறுதியான பின், விரும்பினால் அறுவைச் சிகிச்சை செய்து மேல்தாடையை முன்னே கொண்டுவரலாம் என்றார். அவசரம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

ஊர் திரும்பும் பேருந்தில் பரமக்குடி தாண்டும் வரையில் நான் பேசவில்லை. அதன்பின் சொன்னேன்: “எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1998-இல் அந்த அறுவையை நான் செய்துகொண்டேன்.”

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறந்த நாள் முதல் பார்த்து வரும் முகந்தான். அன்று புதிதாகப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

“வாப்பா, அது அப்படியே நிற்குமா?”

“நிற்கும்” என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால், அன்று காலையில்தான் ஒருமுறை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன். மாலையில் தெரியாததைச் சொல்ல மனம் துணியவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன் மகளே” என்றேன்.

நான் ஒரு தமிழாசிரியன். இலக்கணம் எனக்கு இன்று தொழில். ஒரு காலத்தில் அது எனக்குப் பெரும் சங்கடம். ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு எழுத்துகளின் பிறப்பு நடத்தப்பட்டது. மேல்வாய்ப் பல் கீழிதழைச் சென்று பொருந்துகையில் வகரம் பிறக்கும் என்பது நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் காட்டும் வழி. எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, விரலை உதட்டருகே வைத்துக்கொண்டு ‘வ’ என்று சொல்லச் செய்தார். என் முறை வந்தது. என் மேற்பற்கள் கீழிதழை எட்டவில்லை. கீழ்ப்பற்களே மேலிதழைத் தொட்டன. காதுக்கு அது வகரமாகத்தான் கேட்டது. ஆயினும், நூல் சொன்ன முறைக்கு நேர்மாறாக என் வாய் இருந்ததை அன்று வகுப்பு முழுவதும் கண்டது.

ஓதும் பள்ளியிலும் இதே கதை. ‘ஃபா’ என்னும் எழுத்துக்கு மேல் முன்பற்களின் நுனி கீழிதழின் உட்புறத்தில் பட வேண்டும். ஓதிக் கொடுத்த லெப்பை அவர்கள் பலமுறை திருத்தினார்கள். பிறகு ஒருநாள் என் வாயை உற்று நோக்கினார்கள். தலையை வருடிவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்கள். தெருப்பிள்ளைகள் ‘சப்பை மூஞ்சி’ என்று அழைத்ததைவிட அந்த வருடல்தான் என்னை அதிகம் வருத்தியது.

உண்பதிலும் தொல்லை இருந்தது. முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவனுக்குக் கத்தரிக்கும் வேலை நடவாது. கொய்யாப் பழத்தைக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பேன். இறைச்சித் துண்டை முன்பல்லால் பிய்க்க முடியாது. கல்யாண வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும்போது, எதிரே இருப்பவர் என் வாயையே பார்ப்பதாகத் தோன்றும். பசியில்லை என்று பாதியில் எழுந்த விருந்துகள் பல.

1996-இல், 22-ஆம் வயதில், சென்னையில் முதன்முறையாக ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அதுவரை நானும் என்னைப் பெற்றவர்களும் உறவினரும் ஒரு கருத்தில்தான் இருந்தோம்: கீழ்த்தாடை அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்பதே அது. மருத்துவர், பக்கவாட்டில் எடுத்த என் தலையின் ஊடுகதிர்ப் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் கோடுகள் வரைந்தார். “உங்கள் கீழ்த்தாடை சரியான அளவில்தான் இருக்கிறது. மேல்தாடைதான் பின்தங்கிவிட்டது” என்றார். இருவர் சேர்ந்து நடக்கையில் ஒருவர் பின்தங்கினால், மற்றவர் முந்திக்கொண்டு ஓடுவதாகத் தோன்றுமல்லவா? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் குற்றமற்ற தாடையைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்றரை ஆண்டு பற்களுக்குக் கம்பி கட்டினார்கள். தாடைகளின் குறையை ஈடுகட்டுவதற்காகப் பற்கள் தாமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கும். மேற்பற்கள் முன்னோக்கியும் கீழ்ப்பற்கள் உள்ளோக்கியும் சரிந்திருக்கும். அவற்றை அவரவர் எலும்பின்மேல் நேராக நிறுத்தினால்தான் எலும்பை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது தெளிவாகும். ஆதலால் அறுவைக்கு முந்திய அந்த மாதங்களில் முகம் முன்னினும் மோசமாகத் தோன்றும். “இருந்ததையும் கெடுத்துக்கொண்டாயே” என்று என் உம்மா அழுதார்கள்.

இந்த அறுவைக்கு லெ ஃபோர்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயர் வழங்குகிறது. ஆனால், அவர் இதைச் செய்தவர் அல்லர். லீல் நகரைச் சேர்ந்த ரெனே லெ ஃபோர்ட், இறந்தோரின் தலைகள் 35-ஐ எடுத்து, பலவகையாக அடித்தும் மோதியும், முக எலும்பு எந்த எந்தக் கோடுகளில் முறிகிறது என்று ஆராய்ந்து 1901-இல் வெளியிட்டார். மேற்பற்களின் வேர்களுக்கு மேலே, மூக்கின் அடியோரமாகக் குறுக்கே செல்லும் முறிவுக் கோடு அவற்றுள் முதலாவது. விபத்தில் முறியும் அந்தக் கோட்டிலேயே, குறை தீர்ப்பதற்காகக் கருதி அறுக்கும் முறை பின்னாளில் வந்தது. ஜெர்மனியில் மார்ட்டின் வாஸ்மண்ட் 1927-இல் அதைச் செய்தார். ஆயினும் அவர் எலும்பை முழுமையாக விடுவிக்கவில்லை. அறுவைக்குப் பின் ரப்பர் இழுவையைக் கொண்டு மெல்ல இழுத்துப் பொருத்தினார். முழுமையாகக் கழற்றினால் இரத்த ஓட்டம் நின்று, பற்களோடு எலும்பும் செத்துவிடுமோ என்ற அச்சம் அக்கால மருத்துவர்களுக்கு வெகுநாள் இருந்தது.

அரைகுறையாக விடுவித்த எலும்பு பழைய இடத்துக்கே திரும்ப முயன்றது. அதற்குத் தீர்வு கண்டவர் சூரிச் நகரின் ஹியூகோ ஓப்வெகேசர். மேல்தாடையைப் பின்புற இணைப்பிலிருந்தும் முற்றிலும் விடுவித்து, எந்த இழுப்பும் இன்றிப் புதிய இடத்தில் அமரும்படி செய்தால்தான் அது அங்கே தங்கும் என்று 1960-களில் அவர் செய்துகாட்டினார். 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இந்த முக அமைப்புக்கு அவர் வழங்கிய பெயர், தட்டுப் போன்ற முகம் என்று பொருள்படுவது. எங்கள் தெருப்பிள்ளைகள் எனக்குச் சூட்டிய பெயரும் அதுதானே! அந்தக் காலத்தையொட்டி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வில்லியம் பெல் என்பவர் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். எலும்பை முழுமையாகக் கழற்றினாலும், அண்ணத்தின் சதையும் ஈறும் ஒட்டியிருக்கும் வரை இரத்தம் வந்துகொண்டே இருக்கும் என்று மெய்ப்பித்து அந்த அச்சத்தை நீக்கினார். அதன்பின் உலோகத் தகடுகள் வந்தன. முன்பு மெல்லிய கம்பிகளால் எலும்பைக் கட்டி, மேல்வாயையும் கீழ்வாயையும் ஆறு வாரங்கள் வரை சேர்த்துப் பிணைத்து வைப்பார்கள். சிறிய தகடுகளும் திருகாணிகளும் வழக்கத்துக்கு வந்த பின் அந்தச் சிறைவாசம் குறைந்தது. எலும்பும் அசையாமல் நின்று கூடியது.

இந்த வரலாற்றை நான் படித்தபோது ஒன்று விளங்கிற்று. என் மகள் பேருந்தில் கேட்ட கேள்வியைத்தான் இந்த மருத்துவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். எலும்பை அறுத்து நகர்த்தியதோடு வேலை முடியவில்லை. நகர்த்திய இடத்தில் அதை நிற்கச் செய்வதற்கே அவர்கள் பெரிதும் பாடுபட்டிருக்கிறார்கள்.

என் அறுவை நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்தது என்று வாப்பா பின்னர் சொன்னார்கள். வெளியே ஒரு கீறலும் இல்லை. மேலுதட்டை உயர்த்தி, உட்புற ஈறுக்கு மேலே கீறி, எலும்பை அறுத்து, பின்னே உளியால் பிரித்து, கீழே இறக்கி, 6 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு டைட்டேனியம் தகடுகளைப் பொருத்தினார்கள். கண் விழித்தபோது முகம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. மேலுதடும் கன்னமும் மரத்துக் கிடந்தன. சில வாரங்கள் கஞ்சியும் சாறும் மட்டுமே உணவு. உதட்டில் உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆயின. மேல் ஈற்றில் ஓரிடம் இன்று வரை மரத்தே இருக்கிறது. மூக்கின் அடி சற்று அகன்றது. இவற்றையும் என் மகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

வீக்கம் வற்றிய பின் ஒருநாள் கண்ணாடி முன் நின்று ‘வ’ என்றேன். மேற்பல் கீழிதழைத் தொட்டது. மறுபடியும் சொன்னேன். அன்று எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

இனி, நிலைப்பதைப் பற்றி. மகளின் கேள்விக்குப் பின் நான் மதுரை மருத்துவரிடம் தனியே சென்று கேட்டேன். அவர் தந்தவற்றையும் படித்தேன். அறிந்ததை என் மொழியில் சொல்கிறேன்.

நகர்த்திய தாடையைப் பின்னுக்கு இழுப்பவை பல. நீட்டப்பட்ட உதடும் கன்னமும் தம் பழைய நீளத்தை நாடுகின்றன. ஆறிய புண்ணின் தழும்பு சுருங்குகிறது. மெல்லும் தசைகள் நாள்தோறும் அழுத்துகின்றன. எலும்பும் எலும்பும் உறுதியாகக் கூடும் வரை தகடும் திருகாணியுமே இவை அனைத்தையும் எதிர்த்து நிற்க வேண்டும். ஆகவே, எவ்வளவு நகர்த்தினோம் என்பதோடு எந்தத் திசையில் நகர்த்தினோம் என்பதும் முக்கியம்.

அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராஃபிட் என்னும் பல்சீரமைப்பு அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து அளந்து, 1996-இல் ஒரு வரிசையை வெளியிட்டார்கள். 2007-இல் அதைப் புதுப்பித்தார்கள். தாடை அறுவைகளுள் எது அதிகம் நிலைக்கும், எது குறைவாக நிலைக்கும் என்னும் வரிசை அது. மேல்தாடையை மேலே உயர்த்துவது மிக உறுதியானது. எலும்பின்மேல் எலும்பு அமர்கிறது. கடிக்கும் விசையும் அதை அங்கேயே அழுத்துகிறது. முன்னே கொண்டுவருவது அதற்கு அடுத்த படியில் உள்ளது. கீழே இறக்குவது நிலையற்றது. இடையே வெற்றிடம் உண்டாகிறது, ஒவ்வொரு கடியும் அதை மேலே தள்ளுகிறது. குறுகிய அண்ணத்தை அகலப்படுத்துவதும் அவ்வாறே. நீட்டப்பட்ட அண்ணச் சதை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

என் மகளுக்கு வேண்டியது முன்னே கொண்டுவரும் அறுவை. அவர்கள் அளவின்படி, அவ்வாறு செய்துகொண்டவருள் நூற்றுக்கு 80 பேருக்கு முதல் ஆண்டில் ஏற்பட்ட மாற்றம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மற்ற 20 பேருக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை பின்வாங்கியது. அதற்கு மேல் போவது மிக அரிது. அந்த முதல் ஆண்டைக் கடந்துவிட்டால், எங்களைப் போன்ற அமைப்புடையோருக்குப் பின்னர் வரும் மாற்றம் சொற்பமே.

எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. மருத்துவமனையில் என் பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞர் இருந்தார். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்து, குழந்தைப் பருவத்தில் தைத்தவர். அண்ணத்தில் இறுகிய பழைய தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுத்துவிடுவதும் உண்டு. பின்னர் நகர்த்தினாலும் அதே தழும்பு பின்னுக்கு இழுக்கும். அத்தகையோருக்குப் பெரிய தொலைவு நகர்த்த வேண்டியிருப்பின், எலும்பை அறுத்துவிட்டு, ஒரு கருவியைக் கொண்டு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல மெல்ல முன்னே இழுக்கும் முறை இப்போது இருக்கிறது. இடையில் புது எலும்பு வளர்கிறது. சதையும் கூடவே நீள்கிறது. கால் எலும்புகளை நீட்டுவதற்காக ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசாரொவ் வளர்த்தெடுத்த முறை அது. 1990-களில் முக எலும்புகளுக்கும் வந்தது. அந்த இளைஞருக்கு அவ்வாய்ப்பு அன்று கிட்டவில்லை.

இன்னொன்றையும் மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார். மேல்தாடை நகர்த்திய இடத்திலேயே நின்றாலும், கீழ்த்தாடை பின்னர் வளர்ந்தால் எல்லாம் வீணாகும். அதனால்தான் வளர்ச்சி நின்றதென்று தெரியும் வரை காத்திருக்க வேண்டும். போதிய இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றம் இல்லை என்று கண்ட பின்பே கத்தியை எடுக்க வேண்டும். பெண்களுக்கு வளர்ச்சி முன்னதாகவே நிற்கும். ஆண்களுக்குச் சில ஆண்டுகள் கூடுதலாகும்.

இவையெல்லாம் பிறருடைய கணக்கு. “உங்கள் பழைய படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், உங்களுடையதையே அளந்து பார்க்கலாம்” என்றார் மருத்துவ அம்மையார்.

படங்கள் இருந்தன. பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டியை இறக்குவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

காரணம் இது. 2001-இல் எனக்குத் திருமணம் ஆவதற்குச் சில நாள் முன்பு, வீட்டிலிருந்த என் பழைய புகைப்படங்கள் அனைத்தையும் திரட்டினேன். பள்ளிக் குழுப்படம், கல்லூரி அடையாள அட்டை, ராத்தாவின் கல்யாணத்தில் எடுத்தவை, எதையும் விடவில்லை. அவற்றை ஊடுகதிர்ப் படங்களோடு அந்தப் பெட்டியில் போட்டு மூடினேன். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று உம்மாவிடமும் ராத்தாவிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்களும் வாக்குத் தவறவில்லை.

என் மகள் பிறந்து வளர வளர, பார்க்க வந்தோர் சொல்வார்கள்: “கண் வாப்பாவைப் போல, நிறம் உம்மாவைப் போல, இந்த வாய் மட்டும் யாரைக் கொண்டது?” உம்மா என்னைப் பார்ப்பார்கள். நான் வேறு பேச்சை எடுப்பேன். அறுவை செய்த தாடையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்பதை ஒரு கற்றவன் அறியாமல் இருப்பானா? அறிவேன். ஆயினும், என் முகத்தில் தீர்ந்தது என்னோடு தீர்ந்தது என்று உள்ளூர நம்பியிருந்தேன் போலும்.

இந்த அமைப்புக் குடும்பவழி வருவதற்கு உலகறிந்த சான்று ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம். தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் வரைந்துவைத்த அவர்களுடைய முகங்களில் அந்தத் தாடையைக் காணலாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, முகத்தாடை அறுவை மருத்துவர்கள் 10 பேர் அக்குடும்பத்தினர் 15 பேரின் 66 ஓவியங்களை ஆராய்ந்தார்கள். துருத்திய கீழ்த்தாடையோடு, பின்தங்கிய மேல்தாடையும் பலரிடம் இருந்ததைக் கண்டார்கள். உறவுக்குள்ளேயே மணந்துகொண்டதன் நெருக்கம் கூடக் கூடக் கீழ்த்தாடையின் துருத்தமும் கூடியதாக அந்த ஆய்வு சொல்கிறது. என் பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் ஆவர். உம்மாவின் மூத்த சகோதரருக்கும் இதே வாய்தான். ஓர் அரச குடும்பத்தின் கதையை நம் வீடுகளின்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது முறையன்று. எனினும் ஒன்று எனக்கு உறைத்தது. அந்த மன்னர்கள் தம் தாடையை மறைக்கவில்லை. ஓவியன் முன் அமர்ந்தார்கள். அவன் கண்டதை வரைந்தான். நானூறு, ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் அதைப் பார்த்து அறிய முடிகிறது. என் வீட்டிலோ, என் சொந்த மகள் பார்த்து அறிய ஒரு படமும் இல்லை.

பெட்டியை இறக்கினேன். மதுரையில் எனக்குப் புதிதாக ஒரு படம் எடுத்தார்கள். பழைய படங்களின் அளவு வேறுபாட்டைச் சரிசெய்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் மாறாத புள்ளிகளை ஆதாரமாகக் கொண்டு, அறுவைக்கு முன், அறுவை முடிந்தபின், ஓராண்டு கழித்து, இன்று என நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார் மருத்துவர். நான்கு நிறங்களில் நான்கு கோடுகள். என் மகளும் உடனிருந்தாள்.

அறுவையில் முன்வந்தது 6 மில்லிமீட்டர். முதல் ஆண்டில் பின்சென்றது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், மேல்தாடையின் கோடு அந்த ஓராண்டுக் கோட்டின்மேலேயே கிடந்தது. நான்கு தகடுகளும் அங்கேயே இருந்தன. எலும்பு அவற்றைச் சுற்றிக் கூடிவிட்டது.

“எலும்பு அசையவில்லை. ஆனால் பற்கள் அசைந்திருக்கின்றன” என்றார் மருத்துவர். என் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கோணியிருந்தன. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னே நின்ற இடைவெளி, 2 மில்லிமீட்டராக இருந்தது, பாதியாகிவிட்டது. கம்பியை எடுத்த பின் இரவில் அணிந்துகொள்ளச் சொல்லி எனக்கொரு தட்டுத் தந்திருந்தார்கள். திருமணத்துக்கு முன் அதையும் அதே பெட்டியில் போட்டு மூடியவன் நான்; யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. மருத்துவர்கள் செய்த பகுதி நிலைத்தது. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பகுதிதான் நழுவியது.

மகள் திரையிலிருந்த முதல் கோட்டை, அறுவைக்கு முந்திய என் கோட்டை, விரலால் சுட்டினாள். “இதையும் என் படத்தையும் ஒன்றாக வைத்துக் காட்ட முடியுமா டாக்டர்?” என்று கேட்டாள். வைத்துக் காட்டினார். அளவில் சிறிது வேறுபாடு, வடிவத்தில் இல்லை.

அன்றிரவு பெட்டியிலிருந்த புகைப்படங்களை அவள் முன் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கல்லூரி அடையாள அட்டையில் வெகுநேரம் நின்றாள். “பதினெட்டு வருடமாக நான் யாரைப் போல இருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன் வாப்பா” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். “என்னை மன்னித்துவிடு மகளே” என்றேன். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சற்றுப் பொறுத்து மகளே பேசினாள். “நிற்குமா என்று கேட்டேனே, அதற்கு விடை கிடைத்துவிட்டது. செய்துகொள்வேனா என்பதை இன்னும் யோசிக்க வேண்டும். அடுத்த படம் எடுக்க ஒரு வருடம் இருக்கிறதே. செய்துகொண்டாலும், என் படங்களை எடுத்துப் பெட்டியில் போடமாட்டேன்.”

என்னைப் போன்ற பெற்றோர் சிலர் இதைப் படிக்கக் கூடும். அவர்களுக்கு இரண்டு சொற்கள் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்த அறுவையைப் பற்றி உங்கள் பிள்ளைகள் கேட்டால் அஞ்ச வேண்டாம். தக்க வயதில், தக்க கைகளில் செய்த மேல்தாடை பெரும்பாலும் வைத்த இடத்தில் நிற்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு நகர்த்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். வளர்ச்சி நின்றதை எப்படி உறுதி செய்தார்கள் என்று கேளுங்கள். பற்களைக் காக்கும் தட்டை இரவுதோறும் அணியச் செய்யுங்கள். இது ஒன்று. மற்றொன்று, உங்கள் பழைய படங்களை வீட்டில் வையுங்கள். அவை உங்களுக்கு வேண்டாதவையாக இருக்கலாம், பிள்ளைக்கு வேண்டியிருக்கும்.

அந்த அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி இப்போது முன்கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மாட்டியவள் மகள். வருவோர் பார்க்கிறார்கள், பிறகு அவளைப் பார்க்கிறார்கள், “இதோ, வாப்பாவைக் கொண்டிருக்கிறாள்” என்கிறார்கள்.

பள்ளியில் ஆண்டுதோறும் அந்த நூற்பா வருகிறது. முன்பெல்லாம் வகரத்தைப் படித்துப் பொருள் சொல்லிவிட்டு விரைவாகக் கடந்துவிடுவேன். யாரையும் எழுப்பிச் சொல்லச் செய்ததில்லை. இந்த ஆண்டு சற்று நின்றேன். மேற்பல் கீழிதழைத் தொடாத வாய்களும் உண்டு என்றும், அவற்றிலும் வகரம் பிறக்கும் என்றும், எனக்கு 24 வயது வரை அப்படித்தான் பிறந்தது என்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன், வாயைக் கையால் மூடியிருந்தவன், கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.